இடுப்பு வலியும் நம் வேலையும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் இயன்முறை சிகிச்சை செய்கிறவள். குழுக்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: "இடுப்பு வலி இருக்கிறவங்க வேலை செய்யலாமா, கூடாதா?" இது உடம்பைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. "அவளுக்கு இடுப்பு வலி, தவணை கட்ட மாட்டா" என்று கடன் தர யோசிக்கிற குழுவும் உண்டு. "வேலை செய்யாம இருக்கச் சாக்கு சொல்றா" என்று ஏசுகிற வீடும் உண்டு. இரண்டுமே விசாரிக்காமல் சொல்கிற தீர்ப்பு.

2020இல் உலகம் முழுக்க சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பெரும்பாலானவர்களுக்கு இந்த எலும்பு, இந்த நரம்பு என்று காரணம் காட்ட முடியாது. வலியே இல்லாதவர் ஸ்கேனிலும் ஜவ்வு விலகல் தெரியும். அதனால் படத்தை மட்டும் பார்த்து ஒருத்தரின் வேலைத் திறனைச் சொல்லிவிட முடியாது.

பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? வேலையைப் பிரித்துக் கேளுங்கள். எவ்வளவு நேரம் உட்கார முடியுது? எவ்வளவு நேரம் நிற்க முடியுது? தரையிலிருந்து குடத்தைத் தூக்க முடியலைன்னா, திண்ணை உயரத்திலிருந்து முடியுதா? மறுநாள் காலையில் வலி எப்படி இருக்கு? நாங்களும் இதைத்தான் கேட்கிறோம். பிறகு நடக்கவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லி, சிறு எடையிலிருந்து தூக்கச் சொல்லிப் பார்க்கிறோம்.

பின்லாந்து நாட்டில் உருவான ஒரு எளிய கேள்வியும் உண்டு. "நீங்க ரொம்ப நல்லா வேலை செஞ்ச காலத்துக்கு 10 மார்க்குன்னா, இன்னைக்கு எத்தனை?" இன்று 4 என்றவர் 3 மாதம் கழித்து 6 என்றால், அது முன்னேற்றம்தான்.

மாவு அரைத்து விற்கிற ஒரு அக்காவிடம் "தொழிலை விட்டுடு" என்றார்கள். கேட்டுப் பார்த்தால், அரைப்பதிலும் விற்பதிலும் அவருக்குச் சிரமமே இல்லை. குனிந்து கிரைண்டர் கல்லைத் தூக்குவதும், பெரிய அண்டாவோடு மாவைத் தூக்குவதும்தான் வலி. கிரைண்டரை மேடை மேல் ஏற்றினார்கள். மாவைச் சின்னச் சின்னப் பாத்திரத்தில் பிரித்தார்கள். தொழிலும் நிற்கவில்லை, தவணையும் நிற்கவில்லை.

வலிக்குப் பயந்து நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் தசை பலம் குறையும். முடிந்த அளவு நடமாடுவதுதான் நல்லது. ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாமல் உடல் மெலிவதோ இருந்தாலும் டாக்டரிடம் காட்டத் தள்ளிப்போடாதீர்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை தேவைப்படுகிறவர்களின் வீட்டுக்கே வருகிறது. அதில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களாக வேலை செய்கிறவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், "எது முடியுது, எது முடியலை, எதை மாத்தினா முடியும்?" என்று கேளுங்கள். அவள் பதில் சொன்ன பிறகு கடனைப் பற்றி முடிவு செய்யுங்கள்.