இரண்டெழுத்து, ஓரொலி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. இங்கிலீஷ் வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு, இரண்டெழுத்துக்கள் சேர்ந்து ஓரொலி தரும் இடங்களை எங்ஙனம் கற்பிப்பது என்பதே அது. இத்துணை அற்ப விஷயத்திற்கு ஒரு சபையும் வேண்டுமோ என்று சிலர் நினைக்கலாம். வருஷந்தோறும் நமது சங்கம் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளித்து மகிழ்கிறது. அது செய்யத்தக்கதே. ஆயினும் மூன்றாம் வகுப்பிலேயே வாசிப்பு வாராமல் பின்தங்கிய குழந்தை அந்த மேடைக்கு ஒருநாளும் வருவதில்லை. 'இதற்குப் படிப்பு ஏறாது' என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர்; குழந்தையும் அதனை நம்பிவிடுகிறது. பெரும்பாலும் குறை குழந்தையின் அறிவில் அன்று, சொல்லிக்கொடுக்கும் முறையில் இருக்கிறது என்பதைக் காட்டுவதே நமது நோக்கம்.

தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தைச் சொன்னாலே அதன் ஒலியும் வந்துவிடுகிறது. ஆகையால் அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணாக்கன், மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, எழுத்துக்களை அறிந்த பின், 'படம்' என்பதைத் தானே கூட்டி வாசித்தான். இங்கிலீஷ் எழுத்துக்களோ அவ்வாறல்ல. 'எச்' என்பது ஓர் எழுத்தின் பெயர். அதன் ஒலியோ 'ஹ'. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்னும் சொல்லை 'எஸ், எச், ஐ, பி' என்று நூறுமுறை உருப்போட்டாலும், அப்பெயர்களைக் கூட்டினால் 'ஷிப்' என்னும் ஒலி பிறக்குமோ? பிறவாது. உருப்போட்ட சொல்லைக் குழந்தை ஒப்பிக்கும். உருப்போடாத சொல்லைக் கண்டால் திகைக்கும்.

இதற்குக் காரணம் யாது? இங்கிலீஷ் பாஷையில் சுமார் 44 ஒலிகள் உள, எழுத்துக்களோ 26. லத்தீன் பாஷைக்கு உரிய எழுத்துக்களை இரவல் வாங்கியதனால் நேர்ந்த போதாமை இது. பழைய இங்கிலீஷில் பல்லிடுக்கில் நா வைத்துச் சொல்லும் ஒலிக்குத் 'தோர்ன்' என்றொரு தனி எழுத்து இருந்தது. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சு வழக்கில் பயின்ற லேககர்களின் கையெழுத்து முறை காலக்கிரமத்தில் பரவிற்று. எச் என்னும் எழுத்தைத் துணைசேர்த்து எழுதும் வழக்கம் வலுத்தது, தோர்ன் மறைந்தது.

இதனைக் கேட்டு நாம் நகைக்க வேண்டுவதில்லை. நம் நெடுங்கணக்கில் இல்லாத ஒலியை எழுத வேண்டி, ஆய்தத்தையும் பகரத்தையும் சேர்த்து 'ஃப' என்று நாமும் எழுதுகிறோம். 'ஃபோன்' என்பதை ஆய்தம் வேறு, பகரம் வேறு என்று எவரும் பிரித்து வாசிப்பதில்லை. கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் அவர்கள் பி, எச் இரண்டையும் சேர்த்து அதே ஒலியைக் குறிக்கின்றனர். இன்னும், 'போ' என்று எழுதும்போது பகரத்தின் முன்னே இரட்டைக்கொம்பும் பின்னே காலும் நிற்கின்றன. குறிகள் இரண்டு, உயிரொலி ஒன்று. ஆகவே, குறிகள் பல கூடி ஓரொலியாதல் தமிழ்க் குழந்தைக்குப் புதிதன்று. அதனை எடுத்துக்காட்டினால் பாதி அச்சம் நீங்கும்.

இனிக் கற்பிக்கும் கிரமத்தைச் சொல்வோம். 'கேட்', 'பின்' போன்ற சிறு சொற்களை எழுத்தொலி கூட்டி வாசிக்கப் பழகிய பின்னரே இரட்டைகளைத் தொடங்க வேண்டும். முதலில் செவி, பின்பு கண், அதன்பின் கை. 'ஷ்' என்னும் ஒலியைக் குழந்தை பலமுறை கேட்டுச் சொல்லட்டும். பிறகு எஸ், எச் இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்தெழுதி, அடியில் ஒரே கோடு இட்டுக் காட்டுக. 'ஃபிஷ்' என்னும் சொல்லுக்கு எழுத்து நான்கு, ஒலி மூன்று என்பதை விரல்விட்டு எண்ணச் செய்க. பின்னர் ஷிப், ஷாப், டிஷ் முதலியவற்றை வாசிக்கச் செய்து, நாம் சொல்ல அது எழுதட்டும். தினம் பத்து நிமிஷம் போதும். மறுநாள் பழையதைக் கேட்டறிந்த பிறகே புதியதற்குச் செல்க.

மெய்யொலி இரட்டைகள் வசப்பட்ட பின் உயிரொலி இரட்டைகளுக்குப் போகலாம். 'ட்ரீ' என்பதில் இரண்டு ஈ, 'மூன்' என்பதில் இரண்டு ஓ, மழையைக் குறிக்கும் 'ரெயின்' என்பதில் ஏயும் ஐயும், 'போட்' என்பதில் ஓவும் ஏயும். இரண்டு ஓ 'புக்' என்பதில் குறுகி ஒலிக்கும். ஸி, எச் இரண்டும் 'ஸ்கூல்' என்பதில் ககரமாக ஒலிக்கும். இத்தகைய விலக்குகளை முதல்நாளே கொட்டிவிடலாகாது. பொதுவிதி படிந்த பிறகு ஒவ்வொன்றாய்ச் சொல்க.

தமிழ் நாவுக்கென்று சில இடர்கள் உண்டு. 'சட்டை' என்பதிலும் 'பச்சை' என்பதிலும் சகரம் ஒன்றே, ஒலி வேறு. ஆதலால் உறிஞ்சுதலைக் குறிக்கும் 'ஸிப்', கப்பலாகிய 'ஷிப்', சில்லைக் குறிக்கும் 'சிப்' மூன்றும் நம் குழந்தைக்கு ஒன்றுபோல் தோன்றக்கூடும். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லி, எது எதுவென்று கேட்க வேண்டும். அவ்வாறே, தமிழில் ஙகர மெய்யை அடுத்துக் ககரம் வருவதால், பாடுதலாகிய 'சிங்' என்பதைக் குழந்தை ககரம் சேர்த்து முடிக்கும். விரலாகிய 'ஃபிங்கர்' என்பதில் அவ்வொலி உண்டு. 'சிங்' என்பதில் இல்லை. மேலும், 'ஸ்டாப்' என்பதன் முதலிரண்டு எழுத்துக்களும் தனித்தனியே ஒலிப்பன. அதனை இரட்டையாகப் போதித்தல் வீண் சுமை.

குழந்தை மெய்யாகவே வாசிக்கிறதா, நினைவிலிருந்து ஒப்பிக்கிறதா என்பதை அறிய ஓர் உபாயம் உண்டு. இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டு முதல், ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்களை வாசிக்கக் கொடுத்துச் சோதிக்கின்றனர். அவற்றுள் 20 பொருளற்ற சொற்கள். பொருளற்றதை மனப்பாடம் செய்திருக்க இயலாதன்றோ? எழுத்தின் ஒலியை அறிந்த குழந்தையே அதனை வாசிக்கும். 'ஷெப்', 'சோங்' என்று நாமும் வீட்டில் புனைந்து கேட்கலாம். குழந்தைகள் இதனை விளையாட்டாகவே ஏற்கும்.

பெரியோர்களே! நம் வீடுகளில் இங்கிலீஷ் அறியாத தாய்மார் பலர் உளர். கட்டணம் செலுத்தித் தனிப் போதனை வைக்க இயலாத குடும்பங்களும் உள. அவர்களுடைய குழந்தை பள்ளியில் தலைகுனிந்து நிற்பதை நாம் பாராதிருத்தல் தகாது. ஆகவே ஒன்று வேண்டிக்கொள்கிறோம். கல்வி நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, சங்க மண்டபத்தில் மாலைதோறும் அரைமணி நேரம் வாசிப்பு வகுப்பு நடத்துவோம். கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் முறைவைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் தனியே, பிறர் நகையாதபடி, வாசிக்கச் சொல்லிக் கேட்போம். அயல்வீட்டுக் குழந்தை வந்தாலும் பேதமின்றி அமர்த்திக்கொள்வோம். ஏட்டில் பெயர் வைத்துச் சுண்டல் கொடுத்தனுப்பும் வகுப்பாக இல்லாமல், எந்தக் குழந்தைக்கு எந்த இரட்டை வரவில்லை என்று கணக்கு வைக்கும் வகுப்பாக அது இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவில், முன்பு வாசிக்கத் தெரியாதிருந்து இப்போது ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கும் குழந்தைக்கும் ஒரு பரிசு அளிப்போமாக. அதிக மதிப்பெண்ணுக்குரிய பரிசினும் அது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.