தூளியிலிருந்து கன்னுக்குட்டி வரை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அங்கன்வாடி விளையாட்டுத் திடல் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க கடன், கறவை மாடு, தையல் மெஷின்னு நம்ம வருமானத்தைப் பத்திச் சொன்னாங்க. என்னை ஒரு பொம்மையைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. அங்கன்வாடி வாசல்ல, வேப்பமரத்தடியில, ஸ்பிரிங் மேல நின்னு ஆடுதே ஒரு கன்னுக்குட்டி, அதைப் பத்தி. சிரிக்காதீங்க. அந்தக் கன்னுக்குட்டி நமக்குக் கத்துக் கொடுத்தது நிறைய.

முதல்ல இது எதுக்குன்னு சொல்லிடறேன். நம்ம அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில இருக்கிற ஊர். பௌர்ணமி வந்தா 14 கிலோமீட்டர் பாதையும் ஜனம். இட்லிக் கடை, மோர்க் கடை, பூக்கடைன்னு நம்ம உறுப்பினர்கள் பாதிப் பேர் அங்கேதான் நிக்கறோம். மத்த நாள்ல பூப் பறிக்கப் போறோம், நூறு நாள் வேலைக்குப் போறோம். புள்ளைங்க எங்கே இருக்கும்? அங்கன்வாடியில இருக்கணும். ஆனா டீச்சர் ஒரு கூட்டத்துல வந்து சொன்னாங்க: "மத்தியானம் சாப்பாடு ஆனதும் பசங்க நிக்க மாட்டேங்கறாங்கம்மா. விளையாட ஒண்ணும் இல்ல. வாசலைத் தாண்டி ரோட்டுக்கு ஓடறாங்க." ரோடுன்னா எந்த ரோடு? வேனும் பஸ்ஸும் போற கிரிவல ரோடு.

அன்னைக்குத்தான் ஒரு விளையாட்டுச் சாமான் செய்யலாம்னு பேச்சு வந்தது. உடனே ஒரு பெரியம்மா எழுந்து கேட்டாங்க: "ஆட்டுக்குப் பணம் கொடுத்தா குட்டி போடும். ஆடற பொம்மைக்குக் கொடுத்தா அது என்ன போடும்?" நியாயமான கேள்வி. நம்ம பணம் வியர்வைப் பணம். அதனால சேமிப்பைத் தொடுறதில்ல, கூட்டமைப்புக்கு வந்த வட்டி வருமானத்துல ஒரு பகுதி மட்டும்னு தீர்மானம் போட்டோம். ஏழு பேர் கொண்ட குழு போட்டோம். அதுல நானும் ஒருத்தி.

ஊஞ்சல் போடலாமான்னு பார்த்தோம். ஊஞ்சலுக்கு முன்னாலயும் பின்னாலயும் நிறைய இடம் வேணும். குறுக்கே ஓடற குழந்தை மேல மோதும். நம்ம வாசல் சின்னது. சறுக்கு வெயில்ல காயும். ஸ்பிரிங் மேல ஆடற பொம்மைக்கு ஒரு காலு போதும், கொஞ்ச இடம் போதும். அது மட்டுமில்ல, ஸ்பிரிங் நமக்குப் புதுசா? நம்ம எல்லார் வீட்டிலயும் விட்டத்துல ஒரு ஸ்பிரிங் மாட்டி, அதுல அம்மாவோட பழைய சேலையைத் தூளி கட்டித்தான புள்ளைங்களை வளர்த்தோம்? தூளி ஸ்பிரிங்கை எடை கீழே இழுக்குது. பொம்மை ஸ்பிரிங்கை எடை மேலிருந்து அமுக்குது. வித்தியாசம் அவ்வளவுதான்னு நினைச்சோம். அங்கேதான் தப்புப் பண்ணோம்.

அந்தத் தப்பை மறைக்காம சொல்றேன். பழைய இரும்புக் கடையில ஒரு வண்டி ஸ்பிரிங் கிடைச்சது. ஒரு பட்டறையில கொடுத்து, கீழே ஒரு தகடு, மேலே ஒரு தகடு வெல்டிங் வெச்சு, பலகையை மாட்டி நட்டுட்டோம். பசங்க வரிசையில நின்னு ஆடினாங்க. போட்டோ எல்லாம் எடுத்தோம். மூணாவது வாரம், வெல்டிங் வெச்ச இடத்துக்குப் பக்கத்துல ஸ்பிரிங் கம்பி பட்டுனு ஒடிஞ்சது. நம்ம உறுப்பினர் ஒருத்தரோட பையன், நாலு வயசு, முன்னாடி விழுந்து தாடை கிழிஞ்சு தையல் போட்டாங்க. அந்தத் தங்கச்சி ரெண்டு மாசம் கூட்டத்துக்கு வரல. வராததுல தப்பே இல்ல. நாங்க ஏழு பேரும் அவங்க வீட்டுக்குப் போனோம். வைத்தியச் செலவைக் கூட்டமைப்பு ஏத்துக்கிச்சு. ஆனா அந்தம்மா கேட்ட கேள்விக்கு எங்ககிட்ட பதில் இல்ல. "ஏன் ஒடிஞ்சது?"ன்னு கேட்டாங்க.

அந்த "ஏன்" எங்களைத் தூங்க விடல. ஐ.டி.ஐ. படிச்ச பையன் ஒருத்தன், நம்ம குழு அக்காவோட மகன், விளக்கினான். ஸ்பிரிங் சாதா இரும்பு இல்ல. அதைச் சூடு காட்டிக் குளிர வெச்சுப் பதம் ஏத்தியிருப்பாங்க. அந்தப் பதம்தான் வளைஞ்சாலும் திரும்பி வர வைக்குது. அது மேல வெல்டிங் வெச்சா அந்த இடத்துல பதம் கெட்டு, கண்ணாடி மாதிரி ஆயிடும். தினம் நூறு தடவை ஆட்டினா அங்கேதான் ஒடியும். பழைய ஸ்பிரிங்ல கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். இதெல்லாம் கேட்டப்புறம் ரெண்டு விதி எழுதினோம். ஒண்ணு, குழந்தை ஏறற சாமானுக்குப் பழைய ஸ்பிரிங் கூடாது. ரெண்டு, ஸ்பிரிங் மேல வெல்டிங் கூடவே கூடாது. கடைசிச் சுருளைத் தகட்டோட சேர்த்துக் கவ்வி, போல்ட்டுதான் போடணும்.

அடுத்தது ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பா இருக்கணும்ங்கிற கேள்வி. 1678-ல இங்கிலாந்துல ராபர்ட் ஹூக்னு ஒரு விஞ்ஞானி எழுதி வெச்சார், எடை எவ்வளவு கூடுதோ அதே கணக்குல ஸ்பிரிங்கும் இறங்கும்னு. 10 கிலோவுக்கு ஒரு விரல் இறங்கினா 20 கிலோவுக்கு ரெண்டு விரல். நம்ம அங்கன்வாடியில மாசா மாசம் எடை போடறாங்க இல்லையா, அந்த நோட்டை எடுத்துப் பார்த்தோம். மூணு வயசுப் புள்ள 12, 13 கிலோ. அஞ்சு வயசு 16, 17. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வர்ற அண்ணன் அக்காங்க 22, 23. ஒரே ஸ்பிரிங் இத்தனை பேரையும் தாங்கணும். பெரியவனுக்கு ஏத்த மாதிரி விறைப்பா வெச்சா சின்னதுக்கு ஆடவே ஆடாது. சின்னதுக்கு ஏத்த மாதிரி இளக்கமா வெச்சா பெரியவன் ஏறினதும் தரை வரைக்கும் சாயும்.

அதனாலதான் மாத்தி வைக்கற மாதிரி செய்யணும்னு வந்தது. ஸ்பிரிங்கோட விறைப்பு எதுல இருக்குதுன்னு கேட்டுக்கிட்டோம். மூணு விஷயம். கம்பியோட தடிமன், சுருளோட அகலம், எத்தனை சுருள் வேலை செய்யுதுங்கறது. தடிமன்தான் பெரிய ஆள். சுருள் அகலத்தை மாத்தாம கம்பியை மட்டும் ரெண்டு மடங்கு தடிமன் ஆக்கினா விறைப்பு 16 மடங்கு ஆயிடும். ஆனா தடிமனையும் அகலத்தையும் அப்புறம் மாத்த முடியாது. சுருள் எண்ணிக்கையை மாத்தலாம். 8 சுருள் வேலை செய்யும்போது ஒரு இன்ச் இறங்கற எடை, 4 சுருள் மட்டும் வேலை செஞ்சா அரை இன்ச்தான் இறங்கும். பாவாடை நாடாவை இறுக்கற மாதிரிதான், எவ்வளவு விட்டு வைக்கிறோம்ங்கறதுல இருக்கு.

அதை இப்படிச் செஞ்சோம். ஸ்பிரிங் செய்யற கம்பெனியில அளவு சொல்லி, தடிமனான புதுக் கம்பியில ஒண்ணு வாங்கினோம். அடிச் சுருள்களுக்கு நடுவுல கெட்டி ரப்பர் ஆப்பு செருகி, வெளியே ரெண்டு பாதியா ஒரு இரும்பு வளையத்தைச் சேர்த்து போல்ட்டு முடுக்கினா, அந்தச் சுருள்கள் அசையாது. மேலே இருக்கிறது மட்டும் வேலை செய்யும். காலையில அங்கன்வாடிப் புள்ளைங்க ஆட வளையத்தைக் கழட்டிடுவோம். சாயங்காலம் பெரியவங்களுக்கு மாட்டிடுவோம். ஸ்பேனர் டீச்சர் பீரோவுல இருக்கும். கையால திருகிக் கழட்ட முடியாத நட்டுதான் போட்டிருக்கு, பசங்க கைவேலை உங்களுக்குத் தெரியும்ல.

இன்னொண்ணும் மாத்தலாம். உட்கார்ற பலகையை முன்னும் பின்னும் நகர்த்த மூணு துளை. கால் வைக்கற கட்டையை ஏத்தி இறக்க மூணு துளை. குழந்தையோட எடை ஸ்பிரிங்குக்கு நேர் மேல விழணும். முன்னாடி தள்ளி உட்கார்ந்தா முன்பக்கமே குத்தும். ஆட்டோல நாலு பேரும் பின்னாடி உட்கார்ந்தா என்ன ஆகும்? அதே கதைதான்.

பலகை உயரத்துக்கு ஒரு கணக்கு தேடினோம். விளையாட்டுத் திடல் பாதுகாப்புக்காக அமெரிக்க அரசு ஒரு கையேடு போட்டிருக்கு. ஸ்பிரிங் பொம்மையோட பலகை தரையிலிருந்து 14 இன்ச்சுக்குக் குறையாம, 28 இன்ச்சுக்கு மேல போகாம இருக்கணும்னு அதுல இருக்கு. சுத்தி 6 அடிக்கு வேற சாமான், சுவர், கல் எதுவும் கூடாது. விழற இடத்துல மண் தரை, சிமெண்ட் தரை ஆகாது. நாங்க 9 இன்ச் ஆழத்துக்கு மணல் போட்டோம். மணல் நாளாக நாளாக இறுகிடும். வாரம் ஒரு தடவை மண்வெட்டியால கிளறி விடணும். அஸ்திவாரம் 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம் கான்கிரீட். அதோட எடையே அரை டன்னுக்கு மேல வரும், அப்பதான் ஆட்டினாலும் அசையாது. அதோட தலை மணலுக்குள்ள புதைஞ்சிருக்கு. வெளியே தெரிஞ்சா அதுவே மண்டையை உடைக்கும்.

உருவம் என்ன வைக்கறதுன்னு பெரிய சண்டை. நந்தி வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். அண்ணாமலையார் கோயில் ஊர்ல நந்தி மேல புள்ளைங்க கால் போடறதான்னு பாட்டிங்க விடல. மயிலும் முருகன் வாகனம், அதுவும் கூடாது. குதிரை ஊர்ல எங்க இருக்கு? கடைசியில கன்னுக்குட்டி. கொம்பு இல்ல, கண்ணைக் குத்தாது. காது வட்டம். வேப்பமரப் பலகை, அரிக்காது, வெயில்ல இரும்பு மாதிரி சுடாது. விரல் மாட்டற இடைவெளி எங்கேயும் இருக்கக் கூடாதுன்னு, ஸ்பிரிங்கைச் சுத்திக் கெட்டி கேன்வாஸ்ல ஒரு பாவாடை தைச்சோம். தையல் குழு அக்காங்க வேலை.

பெயிண்ட் விஷயத்தைக் கவனமா கேளுங்க. புள்ளைங்க எதையும் வாயில வைக்கும். பெயிண்ட்ல ஈயம் இருந்தா அது மூளை வளர்ச்சியையே கெடுக்கும். வீட்டுக்கு அடிக்கற பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல 2017 நவம்பர்லேருந்து சட்டம் இருக்கு. டப்பா மேல எழுதியிருக்கும். தொழிற்சாலைக்கு அடிக்கற பெயிண்ட் விலை குறைவுன்னு வாங்கிடாதீங்க.

எல்லாம் மாட்டினதும் உடனே புள்ளைங்களை ஏத்தல. அரிசி மூட்டையை ஏத்தினோம். முதல்ல 10 கிலோ, அப்புறம் 20, அப்புறம் 40. கயிறு கட்டி நாலு பக்கமும் இழுத்து விட்டோம். பத்து நாள் இதையே பண்ணோம். போற வர்றவங்க, "என்னம்மா, அரிசிக்கு ஊஞ்சலா?"ன்னு கிண்டல் பண்ணாங்க. பண்ணட்டும்.

ஒன்பதாவது நாள் அந்தத் தங்கச்சி வந்தாங்க, தாடையில தையல் போட்ட பையனோட அம்மா. எதுவும் பேசல. குனிஞ்சு அடியில பார்த்தாங்க. "இப்ப என்ன மாத்தியிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. இந்தத் தடவை எங்ககிட்ட பதில் இருந்தது. ஒவ்வொண்ணா காட்டினோம். அவங்களே மூட்டையை எடுத்து வெச்சு, அவங்களே இழுத்துப் பார்த்தாங்க. இப்ப மாசா மாசம் முதல் திங்கட்கிழமை நட்டு, ஸ்பிரிங், மணல் மூணையும் பார்த்து நோட்டுல கையெழுத்துப் போடறது அவங்கதான். அந்த நோட்டு வரவு செலவு நோட்டோட சேர்த்து ஒவ்வொரு கூட்டத்துலயும் வாசிக்கப்படுது. அவங்க பையன் இன்னும் கன்னுக்குட்டி மேல ஏறல. கிட்ட வந்து நின்னு அதோட காதைத் தடவிட்டுப் போறான். ஏறும்போது ஏறட்டும். நாங்க யாரும் கூப்பிடறதில்ல.

செஞ்சு விற்கலாமேன்னு சிலர் கேட்டாங்க. ஆசைதான். ஆனா 2021 ஜனவரி 1-லேருந்து நம்ம நாட்டுல பொம்மைங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முறையா சோதனை, உரிமம் எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்காம விற்கறதில்லைன்னு தீர்மானம் போட்டிருக்கோம். ஒரு தடவை அவசரப்பட்டதுக்கு ஒரு குழந்தை ரத்தம் சிந்திச்சு. அது போதும்.

1989-ல தருமபுரியில நம்ம மாதிரிப் பெண்கள் குழுவா உட்கார்ந்தப்போ, நம்ம திருவண்ணாமலை மாவட்டமும் அதே வருஷம்தான் பிறந்தது. அன்னைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதவங்க கணக்கு நோட்டு எழுதக் கத்துக்கிட்டாங்க. இன்னைக்கு நாம சுருள் எண்ணி விறைப்பு சொல்றோம். ஆம்பளைங்க பட்டறையில சொல்றதை அப்படியே நம்பிட்டு வராம, "வெல்டிங் வேணாம், போல்ட்டு போடுங்க"ன்னு சொல்றோம்.

பெரியம்மா இங்கேதான் முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன். ஆடற பொம்மை குட்டி போடல, பெரியம்மா. ஆனா மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறமும் புள்ளைங்க அங்கன்வாடியில நிக்குதுங்க. உங்க மருமக பூப் பறிக்கப் போயிட்டு நிம்மதியா மூணு மணிக்கு வர்றா. உங்க பேத்திதான் வரிசையில முதல்ல நிக்கறா.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கம் போகும்போது மணல் இறுகியிருந்தா, காலாலயாவது கிளறி விட்டுட்டுப் போங்க. அது நம்ம எல்லாரோட கன்னுக்குட்டி.