காய்ச்சாமல் கிடைத்த மருந்து

மலேரியா ஒட்டுண்ணிக்குப் பழைய மருந்துகள் பலிக்காமல் போன காலம். சீனாவில் தூ யூயூ என்ற விஞ்ஞானி, சிங்ஹாவ் என்ற செடியைச் சோதித்தார். ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. ஏன்? பழைய மருத்துவ நூல் ஒன்று வழிகாட்டியது. அது செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. ஊறவைத்துப் பிழியச் சொன்னது. ஆமாம், சூடுதான் மருந்தைக் கெடுத்தது! நாமும் ரசத்தை இறக்கிய பிறகுதானே எலுமிச்சை பிழிகிறோம்?

சூட்டைக் குறைத்து எடுத்த சாறு எலிகளைக் குணமாக்கியது. 1972-இல் அதைத் தாமே உட்கொண்டு பார்த்தார். பிறகுதான் நோயாளிகளுக்கு! அந்தச் சாற்றில் இருந்த மருந்துதான் ஆர்ட்டிமிசினின். 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

செடியில் மருந்து இருந்தால் போதாது, எடுக்கும் விதம் தெரிய வேண்டும், சோதிக்கவும் வேண்டும். உங்களுக்குக் குளிர்காய்ச்சலா? செடியைத் தேடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.