பல் பிடுங்கிய பின் பெருகும் குருதி

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நயினாதீவு அத்துணைத் தூரமன்று. ஊர்காவற்றுறைக்கோ தரைவழியே உண்டு. ஆயினும் கடல் கொந்தளிக்கும் நாளொன்றின் நள்ளிரவில் வாயிலிருந்து குருதி வழியத் தொடங்குமாயின், துறைக்கு அப்பால் இருப்பவருக்கு யாழ்ப்பாணம் வெகு தொலைவாகிவிடுகிறது. ஆதலின், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்தை உட்கொள்ளும் தீவகவாசி ஒருவர் பல் பிடுங்கச் செல்லும்போது, மருந்தைப் பற்றி எண்ணுவதுபோலவே படகைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும்.

இம்மருந்துகளுள் நெடுநாளாக வழங்குவது வார்பரின். அதன் வரலாறு விந்தையானது. 1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவிலே பூஞ்சணம் பிடித்த ஒருவகை வைக்கோலைத் தின்ற மாடுகள், கொம்பு அறுத்த சிறு காயத்திலிருந்துங்கூடக் குருதி பெருகி மாண்டன. அதன் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியின் வழிவந்த வார்பரின், 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கும் மருந்தாயிற்று. அடுத்த ஆண்டே, மாரடைப்புற்ற அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கு அது வழங்கப்பட்டது. இன்று செயற்கை இருதய வால்வு பொருத்தப்பெற்றோரும், நாடித்துடிப்பு ஒழுங்கற்றோரும் இதனால் உயிர் காக்கப்பெறுகின்றனர்.

பல் பிடுங்குமுன் இம்மருந்தைத் தாமாகவே சில நாள் நிறுத்திவிடுவோர் பலர். இது பெருந்தவறு. பற்குழியிலிருந்து வரும் குருதி கண்ணுக்குத் தெரிவது, விரலால் அழுத்தக்கூடியது. வால்விலே உறைந்து மூளைக்குச் செல்லும் கட்டியையோ எந்த விரலாலும் அழுத்த இயலாது. அஸ்பிரினை முதல்நாள் இரவு மட்டும் நிறுத்துவதில் பயனே இல்லை. அதன் விளைவு குருதித் தட்டுகளில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும்.

வார்பரின் உட்கொள்வோர்க்கு ஐ.என்.ஆர். எனும் குருதிப் பரிசோதனை இன்றியமையாதது. அவ்வெண் 4க்குக் குறைவாயின், மருந்தை நிறுத்தாமலே ஓரிரு பற்களைப் பிடுங்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. பரிசோதனை 24 மணி நேரத்துக்குள் செய்யப்பெறுதல் நன்று. எண் ஏற்றத்தாழ்வின்றி நிற்பவர்க்கு 72 மணி நேரமும் போதும். கடல் கடந்து வருவோர்க்கு இது பெருஞ்சலுகை. அபிக்சபான் முதலிய புதிய மருந்துகளுக்கு இப்பரிசோதனை பொருந்தாது. அன்று காலை வேளைக்குரிய மாத்திரையைப் பிந்தி எடுப்பதா என்பதை வைத்தியரே சொல்லவேண்டும்.

பல் பிடுங்கிய குழியில் குருதி உறைய உதவும் செலுலோசு வலையை வைத்துத் தையலிடுவர். டிரனெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்கச் செய்வதும் உண்டு. அப்போது யாவும் அடங்கியதுபோலத் தோன்றும். ஆனால் விறைப்பூசியுடன் சேர்ந்த அட்ரினலின் குருதிக் குழாய்களைச் சுருக்கி வைத்திருப்பதும் அவ்வடக்கத்துக்கு ஒரு காரணம். சில மணி நேரத்தில் அது தேய, குருதி மீண்டும் கசியலாம். பிற்பகற் படகில் ஏறியவருக்கு அது நடுக்கடலிலே நேரும்! எனவே வாரத் தொடக்கத்தில், காலை வேளையிலேயே பல்லைப் பிடுங்குவித்து, அன்றிரவு யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டில் தங்குதலே விவேகம்.

வீட்டில் குருதி கசிந்தால், சுத்தமான துணியை மடித்து நனைத்துக் குழியின்மேல் வைத்து அரை மணி நேரம் இறுகக் கடித்திருத்தல் வேண்டும். நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்தால் உறைந்ததும் கலையும். முதல்நாள் வாய் கொப்பளித்தலும் துப்புதலும் ஆகா. கொதிக்கும் கூழ், சுருட்டு, வெற்றிலை மூன்றும் விலக்கத்தக்கவை. நோவுக்குப் பனடோல் போதும்; ஐபுபுரோபன் கூடாது. மெட்ரோனிடசோல் என்ற மருந்து வார்பரினின் வேகத்தைக் கூட்டுமாதலால், எந்த வைத்தியரிடமும் கிளினிக் கொப்பியைக் காட்டியே மருந்து பெறவேண்டும்.

இரண்டு முறை அவ்வாறு கடித்தும் குருதி நில்லாவிடின், விடியலுக்குக் காத்திராது, துணியைக் கடித்தபடியே தீவிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.