கிறிஸ்துமஸ் காதல் கதைகளும் நம் புத்தக அலமாரியும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் கிறிஸ்துமஸ் – புத்தாண்டு ஒன்றுகூடலில், ஓய்வு பெற்ற ஆசிரியையான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"டீச்சர், பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். எதைப் பற்றி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் போன மாதக் கூட்டத்தில் எழுந்த ஒரு புகார் எனக்குத் தலைப்பைக் கொடுத்துவிட்டது. வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் நாம் வைத்திருக்கும் புத்தக அலமாரியில் யாரோ ஏழெட்டு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வைத்திருக்கிறார்கள். அட்டையில் பனி, குதிரை வண்டி, நீளப் பாவாடை உடுத்திய பெண், பின்னால் மெழுகுவர்த்தி எரியும் ஒரு தேவாலயம். விக்டோரியா மகாராணி காலத்தில், கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கும் காதல் கதைகள். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் எடுத்துப் போகிறார்கள், இதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு தாய் சொன்னார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. அவர் மீது எனக்குக் கோபமும் இல்லை.

எதிர்த்துப் பேசுவதற்கு முன் படித்துவிடலாம் என்று இரண்டு புத்தகங்களை எடுத்து வந்தேன். நம்ம ஊர் மார்கழிப் பனியில் போர்வைக்குள் உட்கார்ந்து படிக்கத் தோதானவைதான். உண்மையைச் சொன்னால் முதல் புத்தகம் சுமார். யார் யாரைக் கட்டுவார்கள் என்று பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. முத்தம் என்றால் கடைசியில் ஒன்று, அவ்வளவுதான். நடுவில் ஜெபம், ஒரு நோய், ஒரு மன்னிப்பு. நம் டிவி சீரியல்களைப் பார்க்கும்போது இது பரம சாது. இந்த வகைக் கதைகளுக்கு இன்றைய வடிவம் வருவதற்கு முக்கியக் காரணம் ஜேனட் ஓக் என்ற கனடா நாட்டு எழுத்தாளர் 1979-ல் எழுதிய ஒரு நாவல் என்பார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் அலங்காரம் எல்லாம் விக்டோரியா காலம் தந்ததுதான். டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை 1843 டிசம்பர் 19-ல் வெளியானது. அச்சிட்ட 6,000 பிரதிகளும் பண்டிகைக்குள் விற்றுவிட்டன. வாழ்த்து அட்டை வந்ததும் அதே வருடம். மகாராணி குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு, மரம் வீட்டுக்கு வீடு பரவியது.

அதே மகாராணியின் ஆட்சியில் இங்கே கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது? 1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம் முழுக்கப் பஞ்சம். தர்மபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது, நம் பக்கமும் அடிபட்டது. அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்து ஏழாம் நாள், 1877 ஜனவரி 1 அன்று, டெல்லியில் பெரிய தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். அட்டைப்பட அழகியின் பட்டுப் பாவாடையைப் பார்க்கும்போது எனக்கு இந்தத் தேதி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பஞ்சத்தில் மாயூரத்தில் தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றியவர் ஒரு கிறிஸ்தவர்தான், முன்சீப் வேதநாயகம் பிள்ளை. அவரைப் பாராட்டி கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையே பாடினார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-ல் வெளியிட்டவரும் இவரே. பஞ்சத்தின் ஈரம் காயாத நேரம்! அதுவும் காதலும் கல்யாணமும் கலந்த கதைதான். அதில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். பெண்கள் படிக்க வேண்டும் என்று வாதாட, 1869-லேயே பெண்மதி மாலை எழுதியவர் அவர். காதல் கதை எழுதியதால் அவர் மரியாதை குறைந்துவிடவில்லை.

இன்னொருவர் கிருபாபாய் சத்தியநாதன். இவரைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பத்து நிமிஷத்தையே வாங்கினேன். 1862-ல் அகமத்நகரில் மராத்திக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். டாக்டருக்குப் படிக்க ஆசை. இங்கிலாந்து போக வாய்ப்பு வந்தும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து நன்றாகப் படித்தார். மறுபடியும் உடம்பு விழுந்தது, படிப்பு நின்றது. சென்னையில் தங்கியிருந்த பாதிரியார் வீட்டுப் பிள்ளை சாமுவேலை மணந்தார். அதுவே ஒரு விக்டோரியா காலத்துக் காதல் கதை. ஊட்டியில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். தன் வாழ்க்கையைத் தழுவி 'சகுணா' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்து, 1895-ல் நூலானது. அதற்குள் அவர் போய்விட்டார். 1894-ல், 32 வயதில்.

அவருடைய இன்னொரு நாவல் 'கமலா'. சிறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண், விதவையாகிறாள். அவளை நேசிக்கும் ஒருவன் வந்து கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பு சரியா, ஊர் வழக்கத்துக்குப் பயந்ததா என்று நாம் சண்டை போடலாம். நான் கவனித்தது வேறு. கல்யாணம் பண்ணி வைத்தபோது அவளை யாரும் கேட்கவில்லை. கதை முடிவில்தான் முதன்முறையாக ஒருவன் "உனக்கு விருப்பமா?" என்று கேட்கிறான்.

அலமாரியில் இருந்து நான் எடுத்த இரண்டு சாதாரணப் புத்தகங்களிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. பெண் "யோசிக்கணும்" என்கிறாள். அவன் காத்திருக்கிறான்.

இனி என் கதை. எழுபதுகளில் இதே மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்து பெஞ்சுத் தோழி கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் பையில் அட்டை கிழிந்த ஒரு காதல் கதைப் புத்தகம் அகப்பட்டது. அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்தார், அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த தை மாதம் கல்யாணம். அவளை யாரும் கேட்கவில்லை. அந்தப் புத்தகம் என்னுடையது. நான் கொடுத்தது. நான் எழுந்து நின்று சொல்லவில்லை.

முப்பத்து நாலு வருடம் டீச்சராக இருந்தேன். என் வகுப்பிலிருந்து கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் என் டைரியில் இருக்கின்றன. அவர்களில் ஒருத்தியும் காதல் கதை படித்து நின்றவள் இல்லை. இப்போது சட்டம் இருக்கிறது, 1098 இருக்கிறது. நான் பதினைந்து வயதில் செய்யாததை அந்த எண்ணை அழைத்து ஓரிரு தடவை செய்திருக்கிறேன்.

அதனால் அந்தத் தாய்க்கு என் வேண்டுகோள்: புத்தகங்களை எடுத்துவிட வேண்டாம். முதலில் நீங்கள் ஒன்றைப் படியுங்கள், பிறகு மகளோடு பேசுங்கள். பக்கத்தில் பிரதாப முதலியார் சரித்திரத்தையும், கிருபாபாயின் இரண்டு நாவல்களையும் என் செலவில் வைக்கிறேன். பொங்கல் விடுமுறைக்குள் வந்துவிடும். அலமாரிச் சாவி ஜனவரியிலிருந்து என்னிடம் இருக்கும். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை வீட்டில்தான் இருப்பேன். வாட்ச்மேன் அண்ணனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கேக் வெட்டலாம்.