திருவாரூர்ப் பிறந்தார்

 

நம் நாட்டைப் போல் ஒரு நாடு உண்டா என்று பெருமிதத்தோடு பேசுகின்றோம். அதனைக் கேட்கும் இளைஞர், “இந்நாட்டிற் பிறக்க நீங்கள் செய்த முயற்சி யாது? தானே வாய்த்த பிறப்பிடத்தைக் குறித்துப் பெருமை கொள்ளுதல் பொருந்துமோ?” என்று வினவக்கூடும். இவ்வினாவைச் சினந்து தள்ளுதல் முறையன்று. 1947 ஆகஸ்ட் 15-இல் நாடு விடுதலை பெற்றது. பஞ்சாபையும் வங்கத்தையும் பிரித்த எல்லைக்கோடோ ஆகஸ்ட் 17-இல்தான் வெளியாயிற்று. எல்லையோர ஊரார் பலர், தம் ஊர் எந்நாட்டைச் சேர்ந்தது என்பதையே அதுகாறும் உறுதியாக அறியாதிருந்தனர்.

சைவசித்தாந்தம் பிறப்பிடத்தைக் குருட்டு வாய்ப்பு என்னாது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் உயிர்களின் வினைக்கேற்ப இறைவனே கூட்டுவிக்கின்றான். நாம் பிறந்த நாடு புவனத்துள் அடங்கும். நல்வினையால் வந்ததெனின் செருக்கலாமே எனின், செய்த வினை இன்னதென நாம் அறியோம். கூட்டுவித்தவனும் நாம் அல்லோம். கொடுக்கப்பெற்றதனை ‘எனது’ எனத் தருக்குதல் ஆணவத்தின் செயலேயாம்.

அங்ஙனமாயின் பிறந்த ஊருக்குப் பெருமையே இல்லையோ? உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் ‘திருவாரூர்ப் பிறந்தார்’ என ஒரு கூட்டத்தாரையே போற்றினார். அவ்வூரிற் பிறந்தமை ஒன்றே அவர்தம் தகுதி. அத்தகுதியைக் கண்ணாரக் கண்டவர் நமிநந்தியடிகள். அவரோ ஏமப்பேறூரிற் பிறந்தவர். ஆரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளிய விழாவில் எல்லாக் குலத்தாரோடும் கலந்து சென்றமையால் தமக்குத் தீட்டு நேர்ந்ததென எண்ணி, அன்றிரவு மனையினுட் புகாது புறத்தே தங்கினார். பெருமான் கனவில் எழுந்தருளி, ஆரூரிற் பிறந்தார் யாவரும் தம் கணங்களே என உணர்த்தினான். மறுநாள் அவ்வூரார் அனைவரும் சிவவடிவாய்த் தோன்றக் கண்ட அடிகள், நிலமுற வீழ்ந்து வணங்கித் தம் பிழை பொறுக்க வேண்டினார்.

இங்கே ஒரு நுட்பம் காண்க. ஆரூரார் தம் பிறப்பைச் சொல்லித் தருக்கினாரல்லர்; வேற்றூரார் அவரை வணங்கினார். அவரைப் பாடிய சுந்தரரும் திருநாவலூரிற் பிறந்தவரே. பெரியபுராணத்தின் முற்பகுதியில் சோழநாட்டின் சிறப்பை விரித்த சேக்கிழாரோ தொண்டைநாட்டுக் குன்றத்தூரார். ஊரின் பெருமை பிறர் வாயால் வரும்போதே அழகுடையது. மேலும், திருவாரூர்ப் பிறந்தாரை வணங்கிய அதே பாட்டில், ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’ என்று தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாற்பட்ட அடியார்களையும் சுந்தரர் வணங்குகின்றார். ஊர்ப்பற்றும் உலகன்பும் ஒரு பாட்டினுள்ளே ஒருங்கு நிற்கின்றன.

ஆதலால் அன்பர்களே, நாட்டுப்பற்றைக் கைவிட வேண்டுவதில்லை. அதனைக் கடனாகக் கொள்ளுதல் வேண்டும். முன்னோர் எடுத்த கோயிலும் வெட்டிய குளமும் நம் உழைப்பின்றி நமக்கு வாய்த்தன. அவற்றைப் பழுதின்றிப் பேணிப் பின்வருவோரிடம் ஒப்படைத்தலே அக்கடன் தீர்க்கும் வழி. வேற்று நாட்டாரைக் காணும்போது, அவரும் இறைவன் வகுத்த புவனத்தில் வந்தவரே என எண்ணிக் கைகுவிப்போமாக.

திருச்சிற்றம்பலம்.