உழுத வயலில் உரோமர் காசு

இங்கிலாந்தின் கிழக்குப் புறத்திலே, அறுவடை முடிந்து கோதுமைத் தாள் மடக்கி உழப்பட்ட வயல்கள், செத்தெம்பர், ஒக்டோபர் மாதங்களில் வெறும் மண்ணாய்க் கிடக்கும். அடுத்த விதைப்புக்குச் சில நாள்களே எஞ்சியிருக்கும். அவ்விடைவெளியில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வயலோரத்தே மோட்டார் வண்டிகள் வந்து வரிசையாக நிற்கின்றன. முப்பது நாற்பது பேர் இறங்குகின்றனர். தபாற்காரர், பேருந்துச் சாரதி, இளைப்பாறிய ஆசிரியை, தகப்பனோடு கூடி வந்த பத்து வயதுச் சிறுவன் எனப் பலதிறத்தினர் அவர்கள். முழங்கால் வரை உயர்ந்த சப்பாத்தும், தேமோஸ் போத்தலில் தேநீரும், இடுப்பிலே ஒரு சிறு மண்வெட்டியுமாக நிற்கும் அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் நீண்ட தண்டின் நுனியிலே தட்டம் போன்ற வளையம் பூட்டிய கருவி ஒன்று உண்டு. உரோமர் விட்டுச் சென்ற பொருள்களைத் தேடி அவர்கள் வந்திருக்கின்றனர்.

கி.பி. 43 ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய 410 ஆம் ஆண்டு வரை பிரித்தானியா உரோமப் பேரரசின் ஒரு மாகாணமாக இருந்தது. முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் தொலைத்தவையும் ஒளித்தவையும் தெய்வத்துக்கு இட்டவையும் இன்னும் நிலத்தடியில் உள்ளன. ஆண்டுதோறும் கலப்பை அவற்றுட் சிலவற்றை மேலே புரட்டிவிடுகின்றது. உரமும் ஈரமும் அவற்றை அரிக்கின்றன. எடுக்காவிடிற் சில காலத்தில் அவை அழிந்தே போகும் என்பது இத்தேட்டக்காரர் தமக்குச் சார்பாகக் கூறும் முதல் நியாயம். அதிலே உண்மை இல்லாமல் இல்லை.

கருவியின் தத்துவம் எளியது. வளையத்தினுள்ளே மாறி மாறி ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றது. அப்புலத்தில் உலோகம் அகப்பட்டால் அவ்வுலோகத்திலும் மின்சுழிகள் தோன்றும். அவற்றின் விளைவைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகின்றது. 1881 ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கார்பீல்டின் உடலிற் பாய்ந்த துப்பாக்கிக் குண்டைத் தேடுவதற்காக, தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை முயன்று பார்த்தார், குண்டு அகப்படவில்லை. இரண்டாம் உலகப் போரிற் போலந்து நாட்டு அதிகாரி யோசெப் கொசாக்கி வகுத்த கருவி, 1942 இல் எல் அலமெயின் போர்க்களத்திலே கண்ணிவெடிகளைத் தேட உதவிற்று. உயிர் காக்கப் பிறந்த கருவி பின்னர் மலிவடைந்து, விடுமுறைப் பொழுதுபோக்காக மாறியது.

வயலில் மக்கள் ஒருவரையொருவர் விட்டு விலகி, வளையத்தை இடமும் வலமும் வீசிக்கொண்டு மெல்ல நடக்கின்றனர். இருப்புக்கு ஓரொலி, வெள்ளிக்கு வேறோர் ஒலி. பழகிய செவி வேறுபாட்டை அறியும். ஆயினும் ஏமாற்றமே மிகுதி. போத்தல் மூடி, வேட்டைத் தோட்டாவின் பித்தளை அடி, உழவுயந்திரத்தின் உடைந்த ஆணி, யாரோ ஓர் உழவனின் காற்சட்டைப் பொத்தான் ஆகியனவே மடிப்பையை நிறைக்கின்றன. நண்பகலுக்குள் உரோமர் காசு ஒன்று கிடைத்தவன் பேறு பெற்றவன். அதுவும் எத்தகைய காசு? பொன்னன்று, வெள்ளியன்று. பெருவிரல் நகத்தளவான செப்புக்காசு. முகம் தேய்ந்து, பச்சை படிந்து, விற்கப் போனால் ஒருவேளைத் தேநீருக்கும் போதாதது. கொன்சுதந்தைன் மன்னன் குடும்பத்தினர் ஆண்ட காலத்தில் இத்தகைய காசுகள் மிகப் பெருந்தொகையாக அடிக்கப்பட்டன.

அப்படியாயின் இதில் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் காசில் இல்லை; காசு கிடந்த இடத்திலே இருக்கின்றது. ஒரு வயலின் ஒரு மூலையில் இருபது தேய்ந்த காசுகளும் இரண்டு உடையூசிகளும் அகப்பட்டு, எஞ்சிய பகுதியில் ஒன்றும் இல்லையாயின், அம்மூலையில் ஒரு வீடோ சந்தையோ கோவிலோ இருந்திருக்கலாம் என்று அறிஞர் ஊகிப்பர். எந்த நூலிலும் எழுதப்படாத ஒரு குடியிருப்பு இங்ஙனம் வெளிப்படும். அதே இருபது காசுகளை இடங்குறியாது ஒரு தகரப் பேணியில் இட்டு வைத்தால், அவை வெறும் செம்பு.

இவ்வுண்மையை யாவரும் அறியச் செய்தவர் ஓர் இளைப்பாறிய தோட்டக்காரர். சபோக் மாவட்டத்தில் ஒக்சன் என்னும் சிற்றூர் உண்டு. 1992 நவம்பர் 16 ஆம் நாள், அவ்வூர்க் கமக்காரர் ஒருவர் தம் வயலிலே தொலைத்த சுத்தியலைத் தேடித் தருமாறு நண்பராகிய இத்தோட்டக்காரரைக் கேட்டார். தேடியவரின் கருவி ஒலித்தது. தோண்டினார், வெள்ளிக் கரண்டிகளும் பொன்னணிகளும் காசுகளும் வந்தன. இரண்டு பைகள் நிரம்பின. மண்ணுள் இன்னும் எவ்வளவோ இருப்பது தெரிந்தது. அவ்வேளையில் அவர் கையை எடுத்துவிட்டார். நிலத்தின் உரிமையாளராகிய மாவட்ட மன்றத்துக்கும் பொலிசாருக்கும் அறிவித்தார். மறுநாள் தொல்பொருளாய்வாளர் வந்து எஞ்சியதை முறைப்படி அகழ்ந்தனர். சில பகுதிகளை மண்ணோடு கட்டியாகவே பெயர்த்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்றனர்.

அவர் கையை எடுத்ததனால் விளைந்தது என்ன? பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட காசுகளும் ஏறக்குறைய 200 பொன் வெள்ளிப் பண்டங்களும் அங்கே கிடைத்தன. அவற்றைக் கண்டபடி வாரியெடுத்திருந்தாலும் அத்தொகை குறைந்திராது. ஆனால், அவை ஒரு மரப்பெட்டியினுள்ளே சிறு சிறு பேழைகளில், வைக்கோல் வைத்து அடுக்கப்பட்டிருந்தன என்பது தெரியவந்திராது. மரம் உக்கிவிட்டது, எஞ்சியவை கீல்களும், சிறு வெள்ளிப் பூட்டுக்களும், இழைத்துப் பதித்த எலும்புத் துண்டுகளுமே. அவை கிடந்த நிலையைக் கொண்டே பெட்டி மீண்டும் உருப்பெற்றது. உரோமர் ஆட்சி தளர்ந்த நாளில், ஒரு செல்வக் குடும்பம் தன் உடைமைகளைப் பொறுமையாக, ஒன்றன்மேலொன்று உரசாதபடி பொதிந்து புதைத்த காட்சி நம் கண்முன் வருகின்றது. அவர்கள் திரும்பி வரவில்லை. பிரித்தானிய நூதனசாலைக்காகச் செல்வம் 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் என மதிக்கப்பட்டது. தோட்டக்காரர் தமக்குக் கிடைத்ததைக் கமக்காரருடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. அதுவும் இப்போது நூதனசாலையின் சேகரத்தில் உள்ளது.

2010 ஏப்ரலிலே, சொமசெற் மாவட்டத்துப் புரூம் நகருக்கு அண்மையில், மருத்துவமனைச் சமையற்காரர் ஒருவருக்கும் இத்தகைய சோதனை நேர்ந்தது. தோண்டிய குழியிலே ஒரு பானையின் வாய் தெரிந்தது. குழியை மூடிவிட்டு அவர் அலுவலருக்குச் செய்தி அனுப்பினார். உள்ளே 52,503 காசுகள். நிறை 160 கிலோ, பழைய கணக்கில் மூன்று அந்தருக்கு மேல். ஆய்வாளர் அவற்றை ஒருங்கே கொட்டாமல் அடுக்கு அடுக்காக எடுத்தனர். 286 முதல் 293 வரை பிரித்தானியாவைத் தனியரசாக ஆண்ட கரோசியசின் காசுகள் 760க்கு மேற்பட்டவை அவற்றுள் இருந்தன. எல்லாவற்றினும் புதியனவாகிய அவற்றிற் பெரும்பங்கு, பானையின் மேற்பகுதியில் அன்றி ஆழத்திலே கிடந்தது! ஆண்டுதோறும் சேமித்து இட்ட பணமாயின் புதியது மேலே அல்லவோ இருத்தல் வேண்டும்? ஆதலின் ஒரே காலத்தில் இப்பானை நிரப்பப்பட்டது என்றும், மெல்லிய அப்பானை அந்நிறையைத் தாங்காதாகையால் முதலில் வெறும்பானையைப் புதைத்தே காசைச் சொரிந்தனர் என்றும் கொண்டனர். சேமிப்பன்று, ஊரவர் ஒன்றுகூடித் தெய்வத்துக்கு இட்ட காணிக்கை என்று கருதுவாரும் உளர். சமையற்காரர் பானைக்குள் கைவிட்டிருந்தால் இவ்வழக்கே எழுந்திராது.

எல்லாரும் இவ்விருவரைப் போல்வார் என்று எண்ணிவிடலாகாது. சரே மாவட்டத்து வொன்பரோ என்னுமிடத்தில் உரோமர் காலத்துக் கோவில் ஒன்று மண்ணுள் இருந்தது. 1980களின் முற்பகுதியிலே அவ்விடம் வெளியே தெரிந்ததும், இரவிரவாக விளக்கும் கருவியுமாய் வந்தோர் கோவில் நிலத்தைக் குழிகுழியாகத் தோண்டி ஆயிரக்கணக்கான காசுகளைக் கவர்ந்தனர். அவை எங்கெங்கோ விலைப்பட்டன. தொல்பொருளாய்வாளர் 1985 இல் அகழச் சென்றபோது எஞ்சியதையே கண்டனர். பழைய சட்டத்தின் வலுவின்மை அப்போது வெளிப்பட்டது. அதனாலெழுந்த கிளர்ச்சியின் பயனாக 1996 ஆம் ஆண்டின் புதையற் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி, புதையலெனத் தக்கதைக் கண்டவர் 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். இறந்தவரைப் பற்றி விசாரிப்பவருக்குப் புதையலில் என்ன வேலை என்று நகைக்கத் தோன்றும். முடிக்குரிய வருவாயைக் காப்பதற்கென்றே இடைக்காலத்தில் ஏற்பட்ட பதவி அது. பழைய கடமை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. 2010 இல் கம்பிரியாவிலே உரோமக் குதிரைவீரனின் முகமூடித் தலைச்சீரா ஒன்று அகப்பட்டது. வெண்கலத்தாலானதாகையாலும் தனியொன்றாகையாலும் அது சட்டப்படி புதையலன்று. அவ்வாண்டே ஏலத்தில் 20 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட விலைக்குத் தனியார் கைக்குச் சென்றது. அவ்வூர் மாவட்டத்து நூதனசாலை ஏங்கி நின்றது. 2023 இல் வந்த திருத்தம், சிறப்புமிக்க பொருள் எவ்வுலோகமாயினும் புதையலாகலாம் என விதித்தது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

சட்டத்தினும் மிகுதியாகப் பயன் தந்தது 1997 இல் தொடங்கிய பதிவுத் திட்டம் எனலாம். மாவட்டந்தோறும் அமர்த்தப்பட்ட அலுவலர், புதையலாகாத தேய்ந்த காசையும் உடைந்த ஊசியையும் வாங்கிப் பார்த்து, படமெடுத்து, இடங்குறித்து, உரியவரிடமே திருப்பிக் கொடுக்கின்றனர். இதுவரை பதிவான பொருள்கள் 15 இலட்சத்துக்கு மேற்பட்டவை. 1980 இல் தேட்டக்காரருக்கு எதிராக இயக்கம் நடத்திய தொல்பொருளாய்வாளர் வருக்கத்தினர், இன்று அவர்கள் தரும் தரவுகளைக் கொண்டே ஆராய்ச்சி நூல் எழுதுகின்றனர். எனினும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் ஒரு வயலில் இறங்கும் பெருங்கூட்டங்களை அவர்கள் இன்றும் ஐயுறவோடே நோக்குவர். அத்தனை கைகள் எடுப்பதை ஓரிருவர் எங்ஙனம் பதிதல் இயலும்?

இலங்கை நேயர்கள் இதனைக் கேட்டு, இங்கும் இவ்வாறு செய்தாலென்ன என்று எண்ணுதல் தகாது. இந்நாட்டின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் வேறு நெறியில் அமைந்தது. மண்ணுள் இருக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது. அனுமதியின்றி அதனைத் தேடி அகழ்தல் குற்றம். பூதங் காக்கும் புதையல் என்னும் கதையை நம்பித் தாதுகோபங்களையும் பழைய சிலைகளையும் நள்ளிரவிலே உடைப்போரைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவர்கள் தேடும் பொன் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சிதைந்த கல் மட்டும் எஞ்சுகின்றது.

உரோமர் காசு இலங்கையிலும் உண்டு. சீகிரியாவிலும் தென்கரையிலும் பிறவிடங்களிலும் அகப்பட்டவற்றுட் பெரும்பாலானவை நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக்காசுகள். ஆர்க்கேடியசு, ஒனோரியசு என்னும் பேரரசர் இருவரின் தலை அவற்றுட் பலவற்றிலே பொறிக்கப்பட்டுள்ளது. ஒக்சன் பெட்டியிலிருந்த பொன் வெள்ளிக் காசுகளிலும் அத்தலைகளே உள்ளன. அப்பெட்டியில் வெள்ளியாலான மிளகுச் செப்புகள் நான்கும் இருந்தன. அவற்றுள் ஒன்று அணி பூண்ட பெருமாட்டியின் உருவில் அமைந்தது. அடியிலுள்ள தட்டைத் திருகினால் மிளகுத்தூள் உதிரும். அம்மிளகு விளைந்தது மலையாளக் கரையிலே. முசிறித் துறையில் யவனர் மரக்கலங்கள் மிளகு கொண்டதை அகநானூறும் குறிப்பிடுகின்றது. ஒக்சனில் அப்பெட்டி கிடந்த இடத்தின் ஒவ்வோர் அங்குலமும் குறிக்கப்பட்டுள்ளது. இலங்கையிற் கிடைத்த காசுகளிலோ, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு எவ்வூர் மண்ணிலிருந்து வந்தன என்றே அறியமுடியாதனவும் உள.

கிழக்கு இங்கிலாந்தின் அந்த வயலிலே பொழுது சாய்கின்றது. வேலியோரம் இட்ட மேசையொன்றின் பின்னே அலுவலர் அமர்ந்திருக்கின்றார். நாள் முழுதும் நடந்தவர்கள் சேறு படிந்த சிறு பைகளோடு வரிசையில் நிற்கின்றனர். சிறுவனுடைய முறை வந்ததும், அவன் ஒரு பச்சைக் காசை நீட்டுகின்றான். எங்கே எடுத்தாய் தம்பி என்று அலுவலர் வினவ, அவன் வயலை நோக்கிக் கை காட்டாமல், தகப்பன் சொற்படி அவ்விடத்தில் நாட்டிவைத்த குச்சியின் இலக்கத்தைச் சொல்கின்றான். அலுவலர் அதனை எழுதிக்கொள்கின்றார். காசு அவன் கைக்கே திரும்புகின்றது.